கரண்ட் அறையிலிருந்து: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

24 ஆண்டுகளாகக் கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பராக இருக்கிறேன். மருத்துவமனைக்குள் எங்களை ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் என்பார்கள். பிரிட்டனில் தெரப்யூட்டிக் ரேடியோகிராபர், அமெரிக்காவில் ரேடியேஷன் தெரபிஸ்ட் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். சிகிச்சைக்கு வருபவர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தேவைப்படுவதில்லை. ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். ஒரு பெரியவர் என்னைக் கடைசி நாள் வரைக்கும் ‘கரண்ட் அம்மா’ என்றே கூப்பிட்டார். உடம்புக்குள் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை, அது எக்ஸ் கதிர் என்று முதல் சில ஆண்டுகள் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். 35 நாள் கதிர்வீச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் இரண்டு பேர் அவரை மேசையில் படுக்க வைத்துவிட்டு, அவசரமாக வெளியே வந்து கதவைச் சாத்தி, ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். மருத்துவரை வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறோம். பொத்தான் அழுத்துபவரை நம்பி எப்படி விடுவது? அவர்கள் ஓடும் அளவுக்கு ஆபத்து என்றால் அப்பாவை மட்டும் ஏன் உள்ளே விட்டுவிட்டு வருகிறார்கள்? — ஒரு மகன்

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கதிர் மருந்து. எவ்வளவு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்த மருந்து. 35 நாள் என்றால் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் மொத்தம் 70 கிரே இருக்கும். கிரே என்பது மாத்திரைக்கு மில்லிகிராம் போல, கதிரை அளக்கும் அலகு. எங்களுக்கு அந்த மருந்து தேவையில்லை. அவர் ஏழு வாரத்தில் போய்விடுவார், நாங்கள் ஓய்வு பெறும் வரை அதே அறையில் நாளுக்கு முப்பது, நாற்பது பேருக்குச் சிகிச்சை தர வேண்டும். சிதறிவரும் கதிர் ஒவ்வொரு முறையும் துளித்துளியாக எங்கள் மேல் பட்டால் என்ன ஆகும்? அதனால்தான் வெளியேறுகிறோம். கற்றை நேராக விழக்கூடிய இடங்களில் அந்த அறையின் கான்கிரீட் சுவர் ஏறக்குறைய இரண்டு மீட்டர் கனம் இருக்கும். மார்பில் நாங்கள் மாட்டியிருக்கும் சின்னப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள், அது எங்கள் மேல் எவ்வளவு பட்டது என்று பதிவுசெய்யும் பேட்ஜ். ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. மில்லிசீவர்ட் என்பது உடம்பில் பட்ட கதிரின் பாதிப்பை அளக்கும் அலகு. இத்தனை ஆண்டுகளில் என் பேட்ஜ் அதன் பக்கத்தில்கூடப் போனதில்லை.

இப்போது அந்தப் பொத்தான். நீங்கள் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் உங்களுக்குப் பொத்தான் மட்டும்தான் தெரிகிறது. உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

அப்பா நுழைந்ததும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். மேசைக்குப் பக்கத்தில் வந்தபின் அவர் வாயாலேயே பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லச் சொல்வார்கள். “நீங்கள்தானே இன்னார்?” என்று நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். கேட்டுப் பாருங்கள், காது சரியாகக் கேட்காதவர், பதற்றத்தில் இருப்பவர், மரியாதைக்காக எதற்கும் ‘ஆமாம்’ சொல்பவர் எல்லாரும் தலையாட்டுவார்கள். தன் பெயரைத் தானே சொல்பவர் தவறுவது அரிது.

பிறகு படுக்க வைப்பது. அவருக்கென்று தேர்ந்தெடுத்த தலையணை, தலை அசையாமல் பிடிக்கும் வலைபோன்ற முகக்கவசம், தோள்களைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கருவி. சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் மெல்லிய லேசர் கோடுகள் வரும். அவை கவசத்தில் போட்டிருக்கும் குறிகளின்மேல் விழ வேண்டும். ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் நின்று மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவோம். “நீங்கள் அசையாதீர்கள், நாங்கள் நகர்த்துகிறோம்” என்று நாளைக்கு நூறு முறை சொல்வேன். உதவி செய்வதாக நினைத்து அவர்களே கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள், எல்லாம் கலைந்துவிடும். அதன்பின் வெளியே வந்து, அதே இயந்திரத்திலேயே ஒரு ஸ்கேன் எடுத்து, முதல் நாள் திட்டமிட்ட படத்தின்மேல் வைத்து எலும்புக்கு எலும்பு ஒப்பிடுவோம். மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தால் மேசையைத் திருத்துவோம். தாடையின் சாய்வே மாறியிருந்தால் மறுபடி உள்ளே போய்ப் படுக்க வைப்போம். இவ்வளவும் சரியான பிறகுதான் பொத்தான். கதிர் பாய்வது இரண்டு, மூன்று நிமிடம். அந்த நேரம் முழுவதும் கண் கேமராத் திரையில் இருக்கும், அப்பா இருமினால் எங்களுக்குக் கேட்கும், கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவோம்.

திட்டத்தை எழுதுவது மருத்துவர். அளவைக் கணக்கிட்டு இயந்திரத்தைச் சோதிப்பது மருத்துவ இயற்பியலாளர். எழுதியது எழுதியபடி, எழுதிய இடத்தில், 35 நாளும் போய்ச் சேருகிறதா என்பது எங்கள் பொறுப்பு. இன்னொன்று. அவரைத் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்தான். கவசம் தளர்கிறது என்றால் அவர் இளைக்கிறார் என்று அர்த்தம். எடைக்கருவிக்கு முன்பே எங்கள் விரலுக்குத் தெரிந்துவிடும். கன்னத்துக்கும் வலைக்கும் நடுவே என் விரல் நுழைந்தால் மருத்துவருக்குத் தகவல் போய்விடும், தேவைப்பட்டால் புதுக் கவசம், புதுத் திட்டம். ஆகவே அப்பா சரியாகச் சாப்பிடாவிட்டால் எங்களிடம் மறைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மறைக்கவும் முடியாது.

கேள்வி: என் கணவருக்கு முகக்கவசம் போட்டு மேசையோடு பூட்டுகிறார்கள். முதல் நாளே மூச்சு முட்டுகிறது என்று கழற்றச் சொல்லிவிட்டார். இப்போது மருத்துவமனைக்கு வரவே மறுக்கிறார். முரட்டு மனிதர், பயம் என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். — ஒரு மனைவி

பதில்: முரடர்களுக்குத்தான் இது அதிகம், அம்மா. சிறு பிள்ளைகள் கவசத்தில் பூனை மீசை வரைந்து கொடுத்தால் போட்டுக்கொள்வார்கள், இவர்களுக்கு மீசை வரைந்து சமாளிக்க முடியாது.

அது என்ன பொருள் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? ஒருவகைப் பிளாஸ்டிக் தகடு. சுமார் 70 டிகிரி வெந்நீரில் போட்டால் துணிபோலத் துவண்டுவிடும். தண்ணீரை உதறி, முகத்தின்மேல் இழுத்துப் படியவிடுவோம், சில நிமிடத்தில் அவருடைய மூக்கு, புருவம், தாடை வடிவத்திலேயே இறுகிவிடும். முழுக்க ஓட்டை ஓட்டையான வலை. மூச்சு அதன் வழியாகவே போய்வரும். மூச்சு முட்டுவதுபோல் தோன்றுவது காற்றுக் குறைவால் அல்ல, அசைய முடியாததால். இதை அவரிடம் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. எனக்கே ஒரு முறை பயிற்சிக்காகப் போட்டுப் பார்த்தார்கள். பொருத்தும் பிடிகள் டக், டக் என்று விழுந்தபோது என் கால்விரல்கள் தாமாக மடங்கின. அன்றிலிருந்து, ஒவ்வொரு பிடியைப் போடும் முன்பும் “இப்போது சத்தம் கேட்கும்” என்று சொல்லிவிட்டே போடுகிறேன்.

செய்ய வேண்டியது: நாளைக்கே சிகிச்சை என்று பிடிவாதம் வேண்டாம். கதிர் எதுவும் இல்லாமல், கவசம் மட்டும் போட்டு இரண்டு நிமிடம் படுத்துப் பார்க்க ஒரு நேரம் கேளுங்கள். நாங்கள் தருவோம். மறுநாள் ஐந்து நிமிடம். அவர் கையில் ஒரு மணி அல்லது அழுத்தும் பந்து கொடுக்கச் சொல்லுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று தெரிந்தவர்கள் பெரும்பாலும் வெளியே வரக் கேட்பதில்லை. பிடித்த பாட்டைப் போடச் சொல்லலாம். அதற்கும் சரிவராவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள், பதற்றத்தைக் குறைக்க மாத்திரை தருவார். கவசத்தில் கண் பகுதியை வெட்டித் திறந்துவிட முடியுமா என்றும் கேட்கலாம், கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு முடியும். ‘பயம்’ என்ற சொல்லை அவர் முன்னால் யாரும் சொல்ல வேண்டாம். “கவசம் இறுக்கமாக இருக்கிறதாம்” என்று சொல்லுங்கள், நாங்கள் புரிந்துகொள்வோம்.

கேள்வி: எனக்குக் கதிர்வீச்சு நடக்கிறது. பேரன் என்னோடுதான் தூங்குவான். அவன்மேல் கதிர் படுமா? மருமகள் தயங்குகிறாள். — ஒரு பாட்டி

பதில்: லினாக் எனப்படும் இயந்திரத்தில் வெளியிலிருந்து கதிர் வைக்கிறார்கள் என்றால், தாராளமாகக் கட்டிப்பிடித்துத் தூங்குங்கள். அது மின்விளக்கு மாதிரி. அணைத்துவிட்டால் அறையில் வெளிச்சம் மிஞ்சுவதில்லை, உங்கள் உடம்பிலும் கதிர் தங்குவதில்லை. கோபால்ட் இயந்திரத்தில் கதிரியக்கப் பொருள் எப்போதும் கதிர்வீசிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அது இயந்திரத்தின் தலைக்குள் பூட்டிக் கிடக்கிறது, உங்களோடு வீட்டுக்கு வருவதில்லை. தைராய்டுக்கு அயோடின் மருந்தை விழுங்குகிறவர்கள், உடம்புக்குள் கதிரியக்க விதைகளை நிரந்தரமாகப் பதித்துக்கொண்டவர்கள் ஆகியோருக்கு மட்டும் வேறு விதிகள், அதை அவர்களுக்கு எழுதியே கொடுப்பார்கள். மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். தினமும் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள். நேற்று மேசையில் படுத்து ஸ்கேனும் எடுத்த பிறகு, ‘போதவில்லை, இன்னும் குடித்துவிட்டு வாருங்கள்’ என்று எழுப்பி அனுப்பிவிட்டார்கள். 62 வயது அம்மாவை இப்படி வதைக்கலாமா? — ஒரு மகள்

பதில்: அனுப்பியவரை நான் பாராட்டுவேன், உங்களுக்குக் கோபம் வந்தாலும் சரி. ‘பரவாயில்லை, இன்று ஒரு நாள்தானே’ என்று பொத்தானை அழுத்துவது அவருக்கு எவ்வளவோ எளிது. வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் முறைக்கிறார்கள்.

சிறுநீர்ப்பை நிறைந்தால் பலூன்போல எழும்பி, குடலை மேலே தள்ளிவிடும். குடல் கதிரின் வழியிலிருந்து விலகும், கருப்பையும் திட்டத்தில் இருந்த இடத்திலேயே இருக்கும். பை காலியாக இருந்தால் குடல் கீழே சரிந்து கதிருக்குள் வந்து விழும். அதன் விலையை அம்மா வயிற்றுப்போக்காகக் கொடுப்பார். நேற்று ஸ்கேனில் அவர்கள் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். எழுப்பி அனுப்பிய விதத்தில் கடுமை இருந்திருந்தால் அது தவறு, அதைச் சொல்லுங்கள். எழுப்பியது தவறில்லை.

ஒரு யோசனை: வயதான பெண்கள் பலர், அடக்க முடியாமல் மேசையை நனைத்துவிடுவோமோ என்ற கூச்சத்தில் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். உடம்பு வறண்டிருந்தால் குடித்த அரை லிட்டரும் பைக்கு வந்து சேராது. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வரச் சொல்லுங்கள். மேசை நனைந்தால் துடைத்துவிடுவோம். வாரம் ஒரு முறையாவது துடைக்கிறோம், யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

கேள்வி: வீட்டில் ஒரு திருமணம். நான்கு நாள் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் கடைசியில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நீங்கள் ஓய்வெடுக்கும் நாளில் கட்டி ஓய்வெடுப்பதில்லை, திரும்பப் பெருகத் தொடங்கும். தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை ஒரு நாள் நீண்டாலே கட்டி அடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு விழுக்காடு குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கருப்பைவாய் என்றால், கதிர்ப்பொருளை உடம்புக்குள் வைத்துத் தரும் உள்கதிர் சிகிச்சையையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிப்பது இலக்கு. முகூர்த்தம் காலையில் என்றால் மாலை நேரம் கேளுங்கள். மாற்றித் தருவது எங்களுக்குப் பழக்கம்தான்.

கேள்வி: நான் இந்த வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம், தோலுக்கும் கதிர் அளவு முழுதாகக் கிடைப்பதற்காக ஒரு நோயாளியின் தோல்மேல் வைக்க வேண்டிய ஜெல் தகட்டை வைக்காமல் வெளியே வந்துவிட்டேன். கதவு சாத்தும்போது நினைவு வந்து, திரும்பப் போய் வைத்துவிட்டேன். கதிர் பாயவில்லை, யாருக்கும் தெரியாது. சீனியரிடம் சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? சொல்லித்தான் ஆக வேண்டுமா? — பெயர் வேண்டாம்

பதில்: ஆம். இன்றைக்கே.

உங்களுக்கு ஒரு பழைய சம்பவம் சொல்கிறேன். படித்திருப்பீர்கள், ஆனால் பாடப்புத்தகம் சொல்லும் விதம் வேறு. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு பேருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிரைக் கொட்டியது, சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாசில் ஒருவருக்கு முதுகில் சிகிச்சை. இயக்கிய பெண் அனுபவம் உள்ளவர், விரல்கள் விசைப்பலகையில் பறக்கும். கதிரின் வகை ‘எலெக்ட்ரான்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ் கதிர்’ என்று தட்டிவிட்டார். உடனே கவனித்துத் திருத்தினார். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. தொடங்கியதும் ‘கோளாறு 54’ என்று ஒரு செய்தி வந்தது. அந்த இயந்திரம் தினமும் ஏதாவது ஒரு கோளாறு எண்ணைக் காட்டும், ஒரு விசையைத் தட்டினால் மேலே போகும். தட்டினார். உள்ளே இருந்தவர் முதல் அடியிலேயே துடித்து எழ முயன்றுகொண்டிருந்தார், இரண்டாவது அடியும் விழுந்தது. அன்றைக்குக் கேமராத் திரையின் இணைப்பு போடப்படவில்லை, ஒலிவாங்கி வேலை செய்யவில்லை. அவர் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத்தான் வெளியே தெரிந்தது. அடுத்த மாதமே அதே இடத்தில் இன்னொருவருக்கு அதேபோல் நடந்தது.

இயந்திரத்தைச் செய்தவர்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. அந்தப் பெண்ணும் மருத்துவமனையின் இயற்பியலாளரும் உட்கார்ந்து, தான் எந்த விசையை எந்த வரிசையில், எவ்வளவு வேகமாகத் தட்டினேன் என்று அவர் நினைவுபடுத்த, திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். மிக வேகமாகத் திருத்தினால் மட்டும் அந்தக் கோளாறு வருகிறது என்று தெரிந்தது. மென்பொருளில் பிழை. ‘முதலில் நான் தவறாகத் தட்டினேன்’ என்று சொல்ல அவர் கூச்சப்பட்டிருந்தால் எத்தனை பேர் அதில் போயிருப்பார்கள்?

உங்கள் ஜெல் தகடு அவ்வளவு பெரிய விஷயம் இல்லைதான். ஆனால் ஏன் மறந்தீர்கள்? அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டார்களா? தகடு வைக்கும் அலமாரி கண்ணில் படாத இடத்தில் இருக்கிறதா? திட்டத்தாளில் அந்தக் குறிப்பு இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறதா? என் மூன்றாவது ஆண்டில் நானும் இதே போன்ற ஒன்றைச் செய்தேன், நான் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே அறையில் வேறொருவர் அதையே செய்தார், அவருக்கு வெளியே வந்தபின் நினைவு வரவில்லை. ஒரு நாள் மட்டும் தோலுக்கு அளவு குறைந்தது, மீதி நாள்களில் ஈடுகட்டினார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் சீனியர் கேட்டது ஒரே கேள்வி: “உனக்கும் இப்படி ஆனதா?” ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. எழுந்து போய்த் தகடுகளை எடுத்து மேசைக்கு நேர் எதிரில் மாட்டினார். இரண்டு மாதத்துக்கு முன்பே மாட்டியிருக்கலாம்.

சொல்லும்போது ‘மன்னியுங்கள்’ என்று தொடங்காதீர்கள். ‘இன்ன நேரத்தில், இன்னது விடுபட்டது, இப்படி நினைவு வந்தது’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: பள்ளியிறுதி படிக்கிறேன். இந்தப் படிப்பில் சேர ஆசை. இயற்பியல் சுமார்தான். பெண்கள் இந்த வேலைக்குப் போனால் குழந்தை பிறக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். — ஒரு மாணவி

பதில்: எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேரும் இந்த வேலையில் இருந்தபோது பிறந்தவர்கள். கர்ப்பம் தெரிந்ததும் துறையில் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு வயிற்றுச் சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றி அமைப்பார்கள்.

இயற்பியல் சுமார் என்றால் தேற்றிக்கொள்ளலாம். பட்டப்படிப்பில் உடற்கூறியல், கதிர்வீச்சு இயற்பியல், கதிர் உயிரியல் எல்லாம் வரும், நாள்முழுக்க மருத்துவமனைப் பயிற்சியும் இருக்கும். நான் கவலைப்படுவது வேறு விஷயங்களுக்கு. இடுப்பு வலுவாக இருக்கிறதா? எழ முடியாதவர்களைத் தள்ளுவண்டியிலிருந்து மேசைக்கு மாற்ற வேண்டும். காலையில் சீக்கிரம் எழுவாயா? முதல் நோயாளி வருமுன் இயந்திரத்தைச் சூடேற்றி, கதிர் அளவு, லேசர் கோடு, கதவைத் திறந்தால் கதிர் நிற்கிறதா, கேமரா தெரிகிறதா, ஒலிவாங்கி கேட்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று சரியாக இருந்தது என்பது கணக்கில்லை. நாற்பதாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குக் காட்டிய அதே பொறுமை வருமா? பத்து பேரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே, பதினோராவது ஆள் ‘இன்று விழுங்க முடியவில்லை’ என்று முணுமுணுப்பது காதில் விழ வேண்டும். இதற்கெல்லாம் ஆம் என்றால் வா.

கேள்வி: கதிர் வைக்கும் இடத்துக்கு அடையாளமாக உடம்பில் மையால் போட்ட கோடு குளிக்கும்போது அழிந்துவிட்டது. திட்டுவார்களோ என்று பயந்து என் பையனின் பேனாவால் அதே இடத்தில் நானே வரைந்துகொண்டேன். சரிதானே?

பதில்: ஐயையோ. உங்களைப் போல் ஒருவர் எங்களிடமும் வந்தார். கோடு அழகாக, நேராக, அடர்த்தியாக இருந்தது, அதனால்தான் சந்தேகம் வந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்து வரைந்தாராம். அழிந்தால் அழிந்தது என்று அப்படியே வாருங்கள், பழைய படங்களையும் அளவுகளையும் வைத்து நாங்கள் திரும்பக் குறித்துக்கொள்வோம். யாரும் திட்டமாட்டார்கள். நாளை உள்ளே நுழைந்ததும், படுப்பதற்கு முன்பே, ‘இந்தக் கோடு நான் போட்டது’ என்று சொல்லிவிடுங்கள். பேனாவைப் பையனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.